அவிழ்ந்த நாற்பது முட்கள்

என்னைக் கிடுக்கி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது; அதை எடுத்துப் பார்க்கும் அவசியம் யாருக்கும் வந்ததில்லை. என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு தூண்டில் நரம்பைப் பிடித்தால், இடுக்கி பிடித்த மாதிரி பிடித்ததுதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பதினேழு வருஷமாகத் தூண்டில் முள் கட்டுகிறவள் அதைப் பற்றிக்கூடப் பெருமைப்படக் கூடாது என்றால், வேறு எதைப் பற்றித்தான் படுவது?

எங்கள் வேலை இடம், படகுச் சாமான் விற்கும் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. மூன்று ஜன்னல், நான்கு மேஜை. ஒவ்வொரு மேஜையின் விளிம்பிலும் ஒரு தடித்த ஆணி அறைந்திருக்கும். முள்ளின் காதில் நைலான் நரம்பை நுழைத்து, தண்டோடு சேர்த்துப் பிடித்து, ஆறு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே விட்டு, எச்சில் தொட்டு, மெதுவாக இறுக்க வேண்டும். எச்சில் தொடாமல் இறுக்கினால் நரம்போடு நரம்பு உரசிச் சூடேறி, பலம் போய்விடும். இறுக்கியதும் முள்ளை ஆணியில் மாட்டி ஓர் இழுப்பு. நின்றால் மிச்ச நுனியை நறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதான். இப்படி இருநூறு முள் சேர்ந்தால் ஒரு கட்டு. கட்டின் தலையில் அவரவர் நிறத்தில் ஒரு நூல் கட்டிவிடுவோம். என்னுடையது சிவப்பு. என் பக்கத்து மேஜைக்காரியுடையது பச்சை.

அந்தப் பக்கத்து மேஜைக்காரி என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கட்டினவன் வேறொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான் என்று ஒரு பெட்டியோடு வந்து எங்கள் வாசலில் நின்றாள். வா என்று உள்ளே அழைத்தது நான். இங்கே கூட்டிவந்து முதலாளியிடம் வேலை கேட்டு வாங்கிக் கொடுத்ததும் நான். நாக்கைக் கட்டுப்படுத்த முடியாமல் எல்லாவற்றையும் கெடுத்ததும் நானேதான்.

அது நடந்து எட்டு மாதம். அன்றைக்கு அவள் கட்டிய முள் ஒன்று ஆணியில் மாட்டி இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடி கட்டினாள், மறுபடி வந்தது. மூன்றாவது தரமும் வந்ததும் எனக்கு மூக்குக்கு மேலே கோபம் ஏறிவிட்டது. "கட்டினவனையே கையில பிடிச்சு வெச்சுக்கத் தெரியாதவளுக்கு நரம்பு எங்க பிடிபடப் போகுது?" என்றேன். மற்ற இரண்டு மேஜைக்காரிகளும் இருந்தார்கள். கத்தரிக்கோல் சத்தம் நின்றுவிட்டது. நாத்தனார் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு குனிந்து நாலாவது தரம் கட்டினாள், அது நின்றது. அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரே வீடு, ஒரே சமையலறை, பக்கத்துப் பக்கத்து மேஜை. பேச்சு மட்டும் கிடையாது. "அண்ணே, குளியலறையில சோப்பு தீந்துபோச்சுன்னு சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிடு," என்பாள். சொல்ல வேண்டியவள் கையில் புது சோப்போடு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டிருப்பேன். "சோப்பு வந்துடுச்சுன்னு கேக்க வேண்டியவங்ககிட்ட சொல்லிடுங்க," என்பேன் நான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் என் வீட்டுக்காரர்தான். பாவம், வேலையில்லாத நாட்களிலும் வேலைக்குப் போகிற மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நான் சொன்னது தப்பு என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, வாயால் சொல்வது வேறு. ஊர் வம்பு அத்தனைக்கும் திறக்கிற இந்த வாய், அந்த ஒன்றுக்கு மட்டும் பூட்டிக்கொண்டது.

இப்படி இருக்கும்போதுதான் அவள் இரண்டு தெரு தள்ளி ஒரு தனி அறை பார்த்தாள். மாடியில் ஒற்றை அறை, மூலையில் அடுப்பு மேடை, தனிக் குழாய். இதையெல்லாம் அவள் தன் அண்ணனிடம் விவரித்தாள். நான் பாத்திரம் துலக்குகிற சாக்கில் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்காரம்மா ஒன்றே ஒன்று கேட்டாளாம்: தனியாக இருக்கிற பெண், நிரந்தர வேலை இருக்கிறது என்று வேலை செய்கிற இடத்திலிருந்து ஒரு கடிதம். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார்; அது கிடைத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குடி போவதாக ஏற்பாடு. அவளைவிட எனக்குத்தான் அவசரம். அந்த வேலை இருந்தால் அந்த அறை; அந்த அறை இருந்தால் என் சமையலறை எனக்கு.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாடிப்படி அதிர்ந்தது. முன்னால் வந்தவர் படகுத் தலைவர். அவரை மீசை என்போம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் முதலாளி, மூச்சு வாங்கிக்கொண்டு. மீசை தோளில் இருந்த நரம்புச் சுருளைப் பக்கத்து மேஜையின் மேல் போட்டார். அதன் தலையில் பச்சை நூல்.

"நாப்பது முள்ளு!" என்றார். "நாலு நாள் கடல்ல கெடந்து, இருக்கிற இரையெல்லாம் கோத்து இறக்கினா, தூக்கறப்ப நாப்பது நரம்புல முள்ளே இல்ல. மீன் கடிச்சது எனக்குத் தெரியுது, கையில அதிருது. மேல வர்றது வெறும் நரம்பு! ஆளுங்க முன்னாடி நான் என்ன, நரம்பைக் கொதிக்க வெச்சுக் குடிக்கிறதா?"

"மீன் பெருசா இருந்து அறுத்திருக்கும்," என்றார் முதலாளி, கடை நடத்துகிறவர்கள் சொல்கிற குரலில்.

"நாப்பதும் பெருசா? அவ்வளவு பெரிய மீன் கூட்டத்தை நான் பாத்ததே இல்ல."

முதலாளி என் பக்கம் திரும்பினார். இந்த மாதிரி வழக்குக்கெல்லாம் நான்தான் நீதிபதி. "ஏம்மா கிடுக்கி, நீ பாத்து சொல்லு. அறுந்ததா, அவிழ்ந்ததா?"

நான் எழுந்து போய் நரம்பின் நுனிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இதில் ஒன்றும் மந்திரம் இல்லை, கண் இருந்தால் போதும். மீனின் பல் பட்டு அறுந்தால் நுனி நசுங்கித் தட்டையாக இருக்கும். பாறையில் உரசி அறுந்தால் கொஞ்ச தூரத்துக்கு நரம்பு சொரசொரவென்று வெளுத்திருக்கும். முடிச்சு வழுக்கி அவிழ்ந்தால் மட்டும், நுனி முழுசாக, பன்றிவால் மாதிரி சுருண்டு நிற்கும். சுற்றின சுற்று நரம்பின் உடம்பில் தங்கிவிடும். அது பொய் சொல்லாது.

நாற்பதும் பன்றிவால்.

"அவிழ்ந்ததுதான்," என்றேன். "சந்தேகமே இல்ல. அறுந்திருந்தா இப்படி சுருளாது. இது கட்டினவங்க தப்பு."

சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன். நான் அன்றைக்குச் சொன்ன விதம் தப்பாக இருக்கலாம், சொன்ன விஷயம் தப்பில்லை பார்த்தாயா, என்கிற அற்ப சந்தோஷம்.

"பச்சை நூல் யாருது?" என்றார் முதலாளி, தெரிந்துகொண்டே.

நாத்தனார் எழுந்து நின்றாள். "என்னுது."

"இதைக் கட்டினவங்க நாளையிலேருந்து வர வேண்டாம்," என்றார். மீசைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் குரலை உயர்த்தித்தான் சொன்னார், ஆனாலும் சொன்னது சொன்னதுதான். "கடிதமும் என்கிட்ட கேக்காதே. வேலை இல்லாதப்ப என்னன்னு எழுதறது?"

அவள் மேஜை மேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்துப் பையில் வைத்தாள்; அது அவள் சொந்தக் கத்தரிக்கோல். எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று எனக்கே எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில்தான் கட்டை மறுபடி கையில் எடுத்தேன். அவிழாமல் நின்ற முட்களைப் பார்த்தேன்.

முதல் எண்பது முள்ளும் அவள் கட்டியவை. அவள் எப்போதும் நுனியை அரை விரல் நீளத்துக்கு விட்டுத்தான் நறுக்குவாள்; பயந்த கை. ஒன்றுகூடப் போகவில்லை. அதற்குப் பிறகு இருந்த நூற்றிருபதில்தான் நாற்பது காணோம். மிச்சம் நின்ற எண்பதிலும் நுனி ஓர் அரிசி நீளத்துக்கு மேல் இல்லை. அரிசி நீளத்துக்கு ஒட்ட நறுக்குகிற துணிச்சல் இந்த அறையில் ஒருத்திக்குத்தான் உண்டு.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அப்போதுதான் போன செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது; பச்சை நூலைப் பார்த்ததும் கட்டு முழுக்க அவளுடையது என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். நாத்தனாருக்குப் பல்வலி. கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடிக்கிடந்தது. மத்தியானம் பல் மருத்துவரிடம் ஓடினாள். எண்பது முள்தான் கட்டியிருந்தாள். மறுநாள் விடிகாலை படகு கிளம்புகிறது. கட்டு முழுசாக இல்லாவிட்டால் முதலாளி கேள்வி கேட்பார். சாயங்காலம் என் சிவப்பு நூல் கட்டுகளை முடித்துவிட்டேன். மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, அவள் மேஜைக்குப் போய் உட்கார்ந்து, மீதி நூற்றிருபதையும் நானே கட்டினேன். பச்சை நூலையும் நானே கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. வாயால் முடியாததைக் கையால் செய்துவிட்டேன் என்று ஒரு நிம்மதி. இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன்.

ஒன்று மட்டும் கணக்கில் வராமல் போயிருந்தது. அன்றைக்கு என் விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்தது. சில மாதங்களாகவே அப்படித்தான். உப்பும் நரம்பும் சேர்ந்து விரல் நுனியை அறுக்கின்றன. கிடுக்கிக்கு விரல் வலிக்கிறது என்று வெளியே தெரிந்தால் என்ன மரியாதை? மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பையில் ஒளித்து வைத்திருந்தேன். படுக்கும்போது மட்டும் தடவு என்றார் மருந்துக்கடைக்காரர். அன்றைக்குத் தாங்க முடியாமல் வேலைக்கு நடுவிலேயே தடவிக்கொண்டு கட்டினேன். எச்சில் காய்ந்துவிடும், களிம்பு காயாது. ஒவ்வொரு சுற்றுக்கு உள்ளேயும் எண்ணெய்ப் பசை. ஆணியில் ஓர் இழுப்புக்கு நிற்கும். நாலு நாள் கடல் இழுப்புக்கு?

ஒரு நிமிஷம், வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று நினைத்தேன். நினைக்கவே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகும். பதினேழு வருஷத்துப் பெயர். கிடுக்கி கட்டினால் அவிழாது என்று துறைமுகமே சொல்கிற பெயர். ஆனால் நான் வாயை மூடினால் அவளுக்கு வேலை போகும். வேலை போனால் அறை போகும். அறை போனால் ஆயுசுக்கும் என் சமையலறையில் என்னோடு பேசாமல் நிற்பாள். இந்த நியாயம் முதலில் வந்தது. செய்யாத தப்புக்கு அவள் தலை குனிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அது இரண்டாவதாக வந்தது. எது முதலில் வந்தால் என்ன, இரண்டும் வந்தன.

"முதலாளி," என்றேன். "இதைக் கட்டினது நான்."

முதலாளி சிரித்தார். மீசையும் சிரித்தார். மற்ற இரண்டு மேஜைக்காரிகளும் சிரித்தார்கள்.

"நல்லா இருக்கு!" என்றார் முதலாளி. "வீட்டு ஆளைக் காப்பாத்தணும்னா வேற ஏதாவது சொல்லும்மா. நீ கட்டினது அவிழ்ந்துச்சுன்னா, கடல் வத்திப்போச்சுன்னு சொல்லு, அதை வேணா நம்பறேன்."

"விளையாடாதீங்க. செவ்வாக்கிழமை இவ பல்வலின்னு போயிட்டா. மிச்ச நூத்தி இருவதும் நான்தான் கட்டினேன். இந்த நுனியைப் பாருங்க, அரிசி நீளம். இது யார் வெட்டு?"

"அவளும் உன்னைப் பாத்துக் கத்துக்கிட்டிருப்பா."

"நீ சொல்லு," என்று நாத்தனாரைப் பார்த்துக் கேட்டேன். எட்டு மாதத்தில் அவளிடம் நேராக நான் பேசியது அதுதான் முதல். "எம்பது கட்டினியா, இருநூறு கட்டினியா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்து, "பச்சை நூல் என்னுதுதான்," என்றாள்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! என் பெயரை நானே குழி வெட்டிப் புதைக்க வந்திருக்கிறேன், மண்வெட்டி எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் இல்லை. இத்தனை வருஷம் என் கெட்டிக்காரத்தனத்தை யாருக்கும் நிரூபிக்க வேண்டி வந்ததில்லை. இப்போது என் தப்பை நிரூபிக்க மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று.

"சரி," என்றேன். "கண்ணால பாத்தா நம்புவீங்கல்ல?"

பையிலிருந்து களிம்பை எடுத்து மேஜை மேல் வைத்தேன். எல்லோர் பார்வையும் அதன் மேல் விழுந்தது. பிறகு என் விரல்களின் மேல் விழுந்தது. மறைக்கவில்லை. விரலில் தடவி, அவர்கள் கண் முன்னாலேயே ஒரு முள் கட்டினேன். கையைத் துடைத்துக் கழுவிவிட்டு, எச்சில் தொட்டு இன்னொன்று கட்டினேன். இரண்டையும் வாளித் தண்ணீரில் முக்கினேன். களிம்பு முள்ளை ஆணியில் மாட்டி, நரம்பின் மறுமுனையில் பாதித் தண்ணீரோடு ஒரு வாளியைத் தொங்கவிட்டேன்.

வாளி ஆடாமல் அசையாமல் தொங்கியது.

"பாத்தியா?" என்றார் முதலாளி, என்னமோ அவர் கட்டினது மாதிரி. "கிடுக்கி கட்டினா களிம்பு தடவினாலும் நிக்கும்."

வேறு நாளாக இருந்தால் இந்தப் பேச்சுக்கு ஒரு வாரம் தரையில் கால் படாமல் நடந்திருப்பேன். அன்றைக்கு அந்த முடிச்சைப் பார்த்து, அவிழ்ந்து தொலையேன் சனியனே, என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"கடல் ஒரு தரமா இழுக்கும்?" என்றேன். "மீசை அண்ணே, நீங்க சொல்லுங்க. மீன் மாட்டினா வாளி மாதிரி சும்மா தொங்குமா?"

மீசை ஒரு வினாடி யோசித்தார். அவருக்குக் கடல் தெரியும். பொய் சொல்ல வராது. கிட்டே வந்து நரம்பைப் பிடித்து, மீன் உலுக்குகிற மாதிரி விட்டுவிட்டு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தார். பத்து. இருபது. நான் வாய்விட்டு எண்ணினேன். முப்பது வந்ததும் எனக்கே பயம் வந்துவிட்டது, இது அவிழாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று. முப்பத்திநாலாவது இழுப்பில் நரம்பு சரக்கென்று வழுக்கியது. வாளி விழுந்து உருண்டது. தண்ணீர் முழுக்க முதலாளியின் காலில்.

நரம்பின் நுனியைத் தூக்கிக் காட்டினேன். பன்றிவால்.

நான் கை தட்டிவிட்டேன். என் முடிச்சு அவிழ்ந்ததற்கு நானே கை தட்டிய நாள் அது ஒன்றுதான்.

"இப்ப இதை இழுங்க," என்று எச்சில் முள்ளை மாட்டினேன். மீசை நூறு தரம் இழுத்தார். தோள் வலிக்கிறது என்று அவர்தான் விட்டார், முள் விடவில்லை. "முடிச்சுல குத்தம் இல்ல. களிம்புல குத்தம். களிம்பு என்னுது. சந்தேகம் தீந்துதா?"

முதலாளி நனைந்த செருப்பைக் கழற்றி உதறினார். முகம் பார்க்கச் சகிக்கவில்லை. "ஆனைக்கும் அடி சறுக்கும்," என்றார் மெதுவாக. "போகட்டும் விடும்மா. இதுக்குப் போய்…"

"அது எப்படி? இதைக் கட்டினவங்க நாளையிலேருந்து வர வேண்டாம்னு இப்பதானே சொன்னீங்க. தண்ணி காயறதுக்குள்ள சட்டம் மாறிடுச்சா?"

"உன்னைப் போகச் சொல்ல முடியுமா?"

"என்னைச் சொல்ல முடியாதுன்னா அவளையும் சொல்லியிருக்கக் கூடாது. அவ கட்டின எம்பதுல ஒண்ணுகூடப் போகல. அதை எண்ணிப் பாக்கல நீங்க. நானும் எண்ணிப் பாக்கல." மூச்சு வாங்கியது எனக்கு. "அவகிட்ட தப்புன்னு சொல்லுங்க. கடிதத்துல கையெழுத்துப் போடுங்க. அப்புறம் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து மீசை அண்ணனுக்குப் புதுசா ஒரு கட்டு முடிச்சுத் தர்றோம், சாயங்காலத்துக்குள்ள."

"சரி, சரி," என்று முதலாளி நாத்தனார் பக்கம் திரும்பினார். "இந்தாம்மா, நான் அவசரப்பட்டு…"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் முதலாளி," என்றாள் நாத்தனார்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த நூத்தி இருவது யார் கட்டினதுன்னு மீசை அண்ணன் கட்டைப் போட்டப்பவே எனக்குத் தெரியும், அண்ணி," என்றாள். "நான் எம்பதுல விட்டுட்டுப் போன கட்டு மறுநாள் வந்து பாத்தா இல்ல, படகுக்குப் போயிடுச்சு. தானாவா முடியும்?"

அண்ணி. எட்டு மாதம் கழித்துக் கேட்கிறேன் அந்த வார்த்தையை. ஆனாலும் என் வாய் என் வாய்தானே. "தெரிஞ்சா வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? கத்தரிக்கோலைப் பையில வெச்சுக்கிட்டு நிக்கறே!"

"எட்டு மாசத்துல நீங்க எனக்குன்னு செஞ்சது அது ஒண்ணுதான். அதைக் காட்டிக்கொடுத்து வேலையைக் காப்பாத்திக்க எனக்கு மனசு வரல." அவள் குரல் நடுங்கவில்லை, பார்வையும் நகரவில்லை. "ஆனா அது போதாது அண்ணி. அன்னைக்கு நீங்க சொன்னதைக் கையால சொல்லல. வாயாலதான் சொன்னீங்க. இதே அறையில, இவங்க எல்லார் முன்னாடியும்."

மீசைக்கு என்ன விஷயம் என்றே தெரியாது. மற்ற இரண்டு மேஜைக்காரிகளுக்குத் தெரியும். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். இப்போதுதான் ஒரு தப்பை உரக்கச் சொல்லி, வாளி கட்டி, நிரூபித்து, கைதட்டி முடித்திருக்கிறேன். அது சுலபமாக இருந்தது. அது விரல் செய்த தப்பு. இது நான் செய்தது.

"நான் அப்படிச் சொன்னது தப்பு," என்றேன். எனக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னேன். "தப்பு. அவன் போனது உன் கையில இல்ல. அது அவன் புத்தி. உன்மேல குத்தம் சொன்னது என் திமிர். அன்னைக்கே சொல்லியிருக்கணும். எட்டு மாசம் சொல்லாம இருந்தது அதைவிடப் பெரிய திமிர்." அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. முள் கட்டுகிற அறையில் நான் அழுதது அதுவரை கிடையாது. மற்ற மேஜைக்காரிகள் பயந்தே போனார்கள்.

நாத்தனார் பையிலிருந்து கத்தரிக்கோலை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்து உட்கார்ந்தாள்.

"கையைக் கழுவிட்டு வாங்க," என்றாள். "நான் கட்டறேன். நீங்க ஆணியில மாட்டி இழுங்க. அந்த விரலை வெச்சுக்கிட்டு இன்னைக்கு நீங்க கட்ட வேண்டாம்."

முதலாளி கீழே போய்க் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினார். அவள் அதை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்து வைத்தாள். சாயங்காலம் வரை அவள் கட்டினாள், நான் இழுத்தேன். இருநூறும் நின்றன. நுனியை அரை விரல் நீளத்துக்கே விட்டு நறுக்கினாள். ஒட்ட நறுக்கு என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டேன். மீசை வந்து கட்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, இந்த முறை படி அதிராமல் இறங்கிப் போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது, எந்தப் பானையை அவளுக்குக் கொடுப்பது, எந்த அடுப்பு என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. இந்த நாளுக்காக நான் எத்தனை நாள் காத்திருந்திருக்கிறேன்! ஆனால் எங்கள் தெரு முனை திரும்பும்போது என் வாயிலிருந்து வந்தது வேறு.

"இந்த ஞாயித்துக்கிழமையே போகணுமா?" என்றேன். "அந்த மாடியில வெயில் காலத்துல வேகும்னு சொல்றாங்க. கொஞ்ச நாள் பொறுத்துப் போனா என்ன?"

அவள் நின்று சிரித்தாள். வீங்கின கன்னம் வற்றி, சிரிப்பு பழையபடி இருந்தது.

"போகணும் அண்ணி," என்றாள். "போனாத்தான் நாம பேசிக்கிட்டிருக்க முடியும்."

அவள் சொன்னது சரி. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரிய பானையை நானே தூக்கிக்கொண்டு அவளோடு அந்த மாடிப்படி ஏறினேன்.